கெளுத்தி ஏறும் இடம்

மனுவைப் பெற்ற அலுவலகம் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இது விதி. வருவாய்த் துறையின் மனுப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், இந்த விதியை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றறிக்கையாகத் தயாரித்துக் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. சுற்றறிக்கை கிடைத்தது என்று எல்லா அலுவலகங்களும் மூன்றே நாளில் ஒப்புகை அனுப்பிவிடும். எனக்குத் தெரிந்து அந்த விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டது அந்த ஒரு தாளுக்கு மட்டும்தான்.

பணியில் இல்லாத காலத்தில் இந்த விதியை நான் ஒரே ஒருவரிடம் சொன்னேன். அவர் அதை நம்பினார்.

நான் 2007இல் ஓய்வுபெற்று, ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு மேட்டு மனையில் வீடு கட்டிக்கொண்டேன். மனை வாங்கும்போது வில்லங்கம் பார்த்தேன், புல வரைபடம் பார்த்தேன். அங்கே தூக்கம் வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. மறு வருடம் ஐப்பசியில், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஓர் இரவு, மொட்டை மாடிக் கதவைச் சாத்தப் போனபோது கலங்கலின் ஓரத்தில் ஏதோ ஒரு குவியல் தெரிந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து இறங்கும் கல்கட்டுக்குத்தான் கலங்கல் என்று பெயர். மின்னல் வெட்டியபோது அந்தக் குவியல் அசைந்தது.

குடையும் டார்ச்சுமாகப் போனேன். உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா குந்தியிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. தூண்டில் கோல் எதுவும் இல்லை. காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நைலான் நரம்பு; அதன் மறுமுனை கலங்கலுக்குக் கீழே நுரைத்துக்கொண்டிருந்த மடுவில் கிடந்தது. நடுவில் நரம்பை வலது காலின் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றியிருந்தார்.

"லைட்ட அமத்து சார்."

அணைத்தேன். அணைத்த டார்ச்சோடு நின்று என் கடமையைச் செய்தேன். ஏரியின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டது, குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது, அதுவும் மழைக்காலத்தில் கலங்கல்மேல் நிற்பது என்பது...

"நா எங்க சார் நிக்கறேன்? குந்திகினு தான கீறேன்."

"அம்மா, நான் சொல்றது என்னன்னா..."

"உனுக்கு மீனு வேணுமா வேணாவா, அத்த மட்டும் சொல்லு."

நான் சைவம் என்றேன்.

"அப்ப உனுக்கு இன்னா கவல?" என்றார், மடுவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

 குடையோடு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். அதன்பின் மூன்று பருவமழைகள், தூக்கம் வராத இரவுகளில், அந்தக் கல் என் இருக்கையாக இருந்தது.

மழை இல்லாத இரவில் அவர் வரமாட்டார். "மயை இல்லாத ராவுல கெளுத்தி தூங்கும் சார். மயை புட்ச்சிகினா கல்யாண வூடு மாரி எல்லாம் எய்ந்து வரும்." மேலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கே கெளுத்தி எதிர்த்து ஏறப் பார்க்கும் என்பது அவர் கணக்கு. காற்று சாக்கைப் பிய்க்க வேண்டும், எதிரில் இருப்பவர் முகம் தெரியக் கூடாது. அதுதான் அவருக்கு நல்ல நாள். வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷியாக அவரைத்தான் பார்த்திருக்கிறேன். இரைக்கு, பிராய்லர் கடையில் எறியும் கோழிக் குடலை வாங்கி, ஒரு நாள் முழுக்க டப்பாவில் போட்டு வெயிலில் வைப்பார். அவர் வருவதற்கு முன் அந்த நாற்றம் என் சுற்றுச்சுவருக்கு வந்துவிடும். கெளுத்தி மாட்டினால் இருட்டிலேயே அதன் மீசையைத் தடவி, செவுளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு முள்ளையும் விரல்களுக்கு நடுவில் வரும்படி அழுத்திப் பிடிப்பார். அந்த முள் குத்தினால் கை இரண்டு நாள் வீங்கும். அவருக்கு ஒருமுறையும் குத்தி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் நரம்பை என் கையில் கொடுத்தார். விரலில் லேசாக ஏதோ தட்டியது. வெடுக்கென்று இழுத்தேன். வெறும் தூண்டில் முள் வந்தது.

"இஸ்க்காத சார். அது மோந்துதான பாத்துச்சு."

"மோந்து பாக்குதா, முழுங்குதான்னு எப்படித் தெரியும்?"

"மோந்து பாக்கும், மீசயால தடவும், உட்டுட்டுப் போவும், திரும்ப வரும். முயுங்கிட்ச்சின்னா நீ இஸ்க்க வேணாம். அதே உன்ன இஸ்க்கும்."

"அது வரைக்கும்?"

"அது வரிக்கும் குந்திகினு இரு."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். அவருக்கு இருக்கத் தெரியும். சலிப்பு என்பதே அவர் உடம்பில் இல்லை. ஒருமுறை தொடர்ந்து ஐந்து மணி நேரம் கட்டைவிரல் அசையாமல் அவர் உட்கார்ந்திருந்ததை என் கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் எனக்கு அது வியப்பாக இருந்தது. பிறகு இன்னொரு சம்பவத்தைக் கேட்டேன்.

பகலில் அவர் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரர் மூலம், ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். அங்கே ஒரு நாள் லைனில் எண்ணெய் கொட்டிவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "யாரும் வழுக்கி விழாம பார்த்துக்க, நான் பவுடர் கொண்டு வர்றேன், இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் மறந்தார். ஷிப்ட் முடிந்து வண்டியேறி வீட்டுக்கும் போய்விட்டார். இவர் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அடுத்த ஷிப்ட் முடியும்வரை அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சாப்பிடவில்லை. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார்.

"யாரையாவது கேட்டுட்டுப் போயிருக்கலாமே அம்மா."

"போன்னு யாரும் சொல்லல சார்."

"அந்த ஆள் மறந்துட்டான்னு தெரியலையா?"

"தெரியும். ஆனா வர்றேன்னு சொல்ட்டுப் போனானே."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொன்னார். அன்று நான் அவரை ஒரு அப்பாவி என்று முடிவுகட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய அனைத்தும் அன்றே பதிவாகிவிட்டது. நான்தான் படிக்கவில்லை.

கெளுத்தி ஏன் என்றும் ஒரு நாள் கேட்டேன். அவர் கணவர் ஒரு காலத்தில் மூன்று போகம் பார்த்த விவசாயி. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன மறு வருடம் பக்கவாதம் வந்து, இடது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணிப்போய், மென்று விழுங்க முடியாது. "கெண்டயில ஒரே முள்ளு சார். தொண்டயில மாட்டிகினா நானு எங்க ஓடுவேன்? கெளுத்திக்கு நடுமுள்ளு ஒண்ணுதான். உருவிட்டா பஞ்சு. அத்த மட்டுந்தான் அவுரு துன்றாரு." கணவருக்குப் போக மிச்சம் இருந்தால், விடியற்காலையில் நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் தெற்கத்திப் பையன்களுக்குப் போகும்.

"யக்கா, எங்க ஊரு ஆத்து மீன் ருசிக்கு இது கால்தூசி பெறாது பாத்துக்கிடுங்க" என்பான் ஒருவன், பையை நீட்டிக்கொண்டே.

"அப்ப பைய இன்னாத்துக்கு நீட்டற? உங்க ஆத்தாண்டயே போய்க் கேளு" என்பார் இவர்.

2009 மழைக்கு முன்பு, கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் உபரிநீர்க் கால்வாயின்மேல் ஒரு லாரி நிறுத்துமிடம் வந்தது. கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் நீளமான லாரிகள் நிற்பதற்கு. கால்வாயில் ஓர் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, அடியில் ஒப்புக்கு இரண்டு சிமெண்டுக் குழாய் போட்டு, சுற்றிலும் ஹாலோ பிளாக் மதில் கட்டினார்கள். மதிலைத் தாண்டி, பள்ளத்தில், அந்த அம்மாவின் தெரு. நானும் தினம் அந்த வழியாகப் பால் வாங்கப் போனவன்தான். எனக்கு அது ஒரு மதிலாகத்தான் தெரிந்தது.

அந்த வருட மார்கழியில் ஏரி வழிந்தபோது தெரு முழுக்க ஒரே கொண்டாட்டம். வீடுகளின் பின்பக்கச் சாக்கடையிலேயே கெளுத்தி கிடைத்தது. கூடையைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். மீன் வீடு தேடி வருகிறது என்று சிரித்தார்கள். அன்றிரவு அந்த அம்மா கலங்கலுக்கு வந்து, நரம்பைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் அதிசயம், கெளுத்தி எங்க வூட்டு கொல்லையில ஏறுது."

"நல்லதுதானே, இவ்வளவு தூரம் நனைஞ்சுகிட்டு வர வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். படித்தவனைப் பார்க்கிற பார்வை அல்ல.

"கெளுத்தி எடம் மாறிச்சின்னா தண்ணி எடம் மாறிகிச்சின்னு அர்த்தம் சார். இந்த மடுவாண்ட தண்ணி ஓடல. எங்க வூட்டுப் பக்கம் வய்யி தேடுது. இது சின்ன மயை. பெருசா பெய்ஞ்சா அவுரு கட்டில்லேர்ந்து எய்ந்து ஓடுவாரா?"

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு குழாய்களில் ஒன்று ஏற்கெனவே அடைத்திருந்தது. ஆக்கிரமிப்பு, நீர்வழித் தடை, அனுமதியற்ற கட்டுமானம் என்று எனக்கு மூன்று தலைப்புகள் கிடைத்தன. உண்மையைச் சொன்னால், ஓய்வுக்குப் பிறகு அன்றுதான் நான் உற்சாகமாக இருந்தேன். புல எண், வரைபட நகல், புகைப்படம், இணைப்புப் பட்டியல் எல்லாம் வைத்து, எந்தக் குமாஸ்தாவும் திருப்பி அனுப்ப முடியாத ஒரு மனுவைத் தயாரித்து 2010 ஜனவரியில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் கையெழுத்து அவருடையது.

"எய்தினா எடுத்துடுவாங்களா சார்?"

"எடுத்துத்தான் ஆகணும். முப்பது நாள்ல பதில் வரணும்னு விதி இருக்கு."

எனக்குத் தெரியும். அந்த முப்பது நாள் எப்படி எண்ணப்படும் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்ற வாக்கியத்தை எத்தனை மனுவின்மேல் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இருந்தும் அவரிடம் முப்பது நாள் என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் முப்பத்தைந்து ஆண்டுகள் என்ன செய்தேன் என்ற கேள்வி வந்திருக்கும்.

முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மாவட்டத் தலைமைக்கு நகல். எதற்கும் பதில் இல்லை. ஆடி மாதம் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் இரவல் வாங்கிய கடப்பாரை.

"சார், மண்ணு காஞ்சி கீது. கால்வாயில சொட்டுத் தண்ணி இல்ல. எங்க தெருவுல எட்டுப் பேரு ரெடியா கீறாங்கோ. ஒரு மத்தியானம் போதும், எடுத்துப் போட்ருவோம். நீ இன்னா சொல்ற?"

"வேண்டாம்மா. அத்துமீறல், சொத்துக்குச் சேதம்னு கேஸ் போடுவாங்க. அப்புறம் நம்ம மனுவுக்கே மதிப்பு இல்லாமப் போயிடும். சட்டம் நம்ம பக்கம் இருக்கறப்ப நாம ஏன் தப்புப் பண்ணணும்?"

"முப்பது நாளுன்னியே சார். ஆறு மாசம் ஆச்சே."

அப்போது நான் சொன்னேன்: "அது இப்ப மோந்துதான் பாக்குதும்மா. இப்ப இழுத்தா போயிடும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி சார். அப்ப குந்திகினு இருக்கறேன்" என்று கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிப் போனார். சமயத்துக்கு அந்த வார்த்தை வந்ததில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குக் கலங்கலுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கட்டில் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் முட்டுக் கொடுத்துக் கணவரைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தண்ணீரைப் பார்த்துப் போக வந்ததாகச் சொன்னார். நரம்பையும் போட்டிருந்தார். கெளுத்தியைத் தவிர வேறு அளவுகோல் அவரிடம் இல்லை.

ஒரு மணிவரை கட்டைவிரல் அசையவில்லை.

"ஒண்ணுகூட மோந்து பாக்கல சார்."

நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சத்தம் இல்ல, பாரு."

அப்போதுதான் கவனித்தேன். கலங்கல்மேல் ஒரு சாண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கீழே விழும் இரைச்சல் இல்லை. விழுவதற்குக் கீழே இடம் இல்லை. மடு நிரம்பி, கல்கட்டின் உயரத்துக்கு ஏறி நின்றுவிட்டது. அத்தனை தண்ணீரையும் அந்த மதில் பிடித்து வைத்திருந்தது.

"மதிலு தாங்காது சார்" என்று நரம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் போனேன், குடையை விரித்தபடி. பாதி வழியில், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தெருமுனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இடுப்புக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நான் முனையிலேயே நின்றேன். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எந்தத் தாலுகா, எந்தக் குறுவட்டம் என்று கேட்டார்கள். சொன்னேன். புல எண்ணும் சொன்னேன்.

தெருவில் ஓடக்கூடியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவர் கணவரால் ஓட முடியாது. இரண்டு செங்கல் போதவில்லை. அந்த அம்மா வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் போய், கணவரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாராம். பக்கத்து வீட்டு ஆட்கள் கூரையைப் பிரித்து இறங்கியபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாராம். உயிர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து, 'நெடுநாள் நோயினால் இயற்கை மரணம்' என்று எழுதினார். நான் தடுத்தேன்.

"சார், உங்களுக்குத் தெரியாததா? வெள்ளத்துலன்னு எழுதினா போஸ்ட்மார்ட்டம் பண்ணணும், மேல இருந்து வருவாங்க, தண்ணி ஏன் வந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"கேட்டா நான்தான சார் பதில் எழுதணும்."

நல்ல பையன். வேலை தெரிந்தவன். அவன் இடத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பன்னிரண்டு மணி வெயிலில், அந்த அம்மாவும் தெருவில் எட்டுப் பேரும் கடப்பாரை, மண்வெட்டியோடு போனார்கள். மிச்சமிருந்த மதில், கொட்டிய மண், குழாய் எல்லாவற்றையும் நாலு மணிக்குள் எடுத்துப் போட்டார்கள். ஐந்து மணிக்குப் போலீஸ் வந்தது. நான் கூடப் போனேன்.

"யாரும்மா இடிக்கச் சொன்னது?" என்றார் ஏட்டு.

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன் இடிச்ச?"

"யாரும் சொல்லலன்னுதான்."

அரை மணி நேரத்தில் வழக்குப் பதிவானது. புகார் கொடுத்த நிறுத்துமிட மேலாளருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட்டது, விதிப்படி.

நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, எதிர் இருக்கையிலிருந்து, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி வந்த அன்னிக்கி சாய்ங்காலங்கூட அவுரு கேட்டாரு சார். சாரு எய்துனதுக்கு பதிலு வந்துச்சான்னு. வாயி கோணிகினு கேட்டாரு. இதோ வந்துடும்னு சொன்னேன்."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. அப்படி இருந்திருந்தால் நான் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன்.

தை பிறந்ததும் அந்த அம்மா வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மறுபடி நரம்பு போட்டாரா, தெரியாது. வாய்தாவுக்கு மட்டும் தவறாமல் வந்தார். பெயர் கூப்பிடும்வரை இருக்கச் சொன்னதால், காலை பத்து மணியிலிருந்து நீதிமன்ற வாசலில் குந்தியிருப்பார். என்னைப் பார்த்தால், "சாப்டியா சார்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

நான்காவது வாய்தாவுக்கு முந்தின வாரம் என் மனுவுக்குப் பதில் வந்தது. அதிலிருந்து: 'மேற்படி இடம் நேரில் தணிக்கை செய்யப்பட்டதில், உபரிநீர்க் கால்வாயில் தடையோ ஆக்கிரமிப்போ ஏதும் இல்லை எனவும், நீர்வழி சீராக உள்ளது எனவும் தெரியவருகிறது. மனுதாரரின் கூற்றில் உண்மை இல்லாததால், மேல்நடவடிக்கை தேவையின்றி மனு முடிவு செய்யப்படுகிறது.' இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தகவலிலும் பிழை இல்லை. தணிக்கைக்குப் போனவர் கண்ட கால்வாய் சீராகத்தான் இருந்திருக்கும். ஒரு துறை இல்லை என்று சான்று தந்த தடையை உடைத்ததற்காக, இன்னொரு துறை அந்த அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. உறையை ஓரம் கிழியாமல் வெட்டி, தேதி முத்திரை போட்டு, கோப்பில் கடைசித் தாளாகச் சேர்த்தேன். கிடைக்கப்பெற்ற நாள்: 23.05.2011.